9 ஏ எடுத்த பிள்ளையை எங்கே சேர்ப்பது?

(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையே எங்கள் தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கிவிடும். இந்தக் கல்லூரியில் படித்து வைத்தியர்களாக இருக்கிற எங்கள் எல்லோருக்கும் இது வழக்கம். "பிள்ளைக்கு 9 ஏ. இனி ரவுணுக்குத்தானே அனுப்பவேணும்? இங்கே வைச்சிருந்து என்ன செய்யிறது?" கேட்கிறவர்கள் எங்கள் கல்லூரியைத் தாழ்த்திக் கேட்பதில்லை. பிள்ளையின் காலம் வீணாகிவிடுமோ என்ற பயத்தில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை இங்கே ஒருதரம் ஒழுங்காகச் சொல்லச் சொல்லிச் செயலாளர் அக்கா பணித்திருக்கிறார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உயர்தர விடைத்தாளில் பிள்ளையின் சுட்டெண் இருக்கும், கல்லூரியின் பெயர் இருக்காது. இசட் புள்ளி என்பது நாடு முழுவதும் அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு தூரத்தில் நிற்கிறாள் என்ற கணக்குத்தான். மருத்துவம் போன்ற துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் போகின்றன. அந்த மாவட்டம் எது என்பதைத் தீர்மானிப்பதில் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் பிள்ளை எங்கே படித்தாள் என்பது முக்கியமானது. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் குடியிருக்கிற எங்கள் தங்கைமார் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்ப யோசிக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள். மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் எல்லோரும் வாங்குகிறார்கள். பாடசாலை மாற்ற முன்னரே வாங்கி வாசியுங்கள்.

மருத்துவ பீடம் முடிந்த பிறகும் இதே கதைதான். எல்லாப் பீடங்களிலிருந்தும் வருபவர்களை ஒரே தகுதிப் பட்டியலில் நிறுத்தித்தான் உள்ளகப் பயிற்சிக்கு வைத்தியசாலை ஒதுக்குகிறார்கள். விசேட வைத்தியராவதற்கான பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நாங்கள் 1998 இல் உயர்தரம் எடுத்தோம். அப்போது நான்கு பாடங்கள், தாவரவியலும் விலங்கியலும் வேறுவேறு, மொத்தப் புள்ளி 400. இடப்பெயர்வு முடிந்து ஊர் திரும்பியிருந்த காலம். உயிரியல் பிரிவில் நாங்கள் ஆறு பேர். நுணுக்குக்காட்டி ஒன்று. சுடரடுப்புக்கு வாயு இல்லை, மதுசார விளக்கில் சமாளித்தோம். ஆனால் ஆறு பேரும் தங்கள் கையால் அளவி பிடித்து நியமிப்புச் செய்தோம். பிழைத்தால் திரும்பவும் செய்யவேண்டும், ரீச்சர் வீட்டுக்கு விடமாட்டார். ஆறு பேர் வகுப்பில் பின்வாங்கு என்று ஒன்று கிடையாது. கேள்வி எப்படியும் எங்களிடம் வந்து சேரும். விளங்காத முகத்தை ரீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார். பிறகு விடுதிச் சுற்றில் பேராசிரியர் திடீரென்று எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டபோது வாய் திறக்க முடிந்ததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறோம். ஆறு பேரில் மருத்துவத்துக்கு இருவர் போனோம். இருவர் இரண்டாம் தரம் எடுத்து வேறு பீடங்களுக்குப் போனார்கள். ஒருவர் ஆசிரியை, ஒருவர் கனடாவில் கணக்காளர். அந்த வருடம் ரவுணுக்குப் போன எங்கள் சிநேகிதிகளும் நன்றாகத்தான் வந்தார்கள், அதை மறைக்கக் கூடாது.

பெரிய பெயர் இருந்தால்தான் பெரிய படிப்பு என்பது எங்கள் ஊரில் பழைய நம்பிக்கையும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857 இல் வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். பனங்காணிகளுக்கு நடுவே 1823 இல் தொடங்கிய கல்லூரி அது.

வைத்தியர்களாக ஒன்று சொல்ல வேண்டும். விடிய ஐந்தரை பஸ்ஸுக்குப் போய், பின்னேரம் ரியூட்டரி, இரவு ஏழரைக்கு வீடு என்று ஓடுகிற பிள்ளைகளை வெளிநோயாளர் பிரிவில் பார்க்கிறோம். தலையிடி, வயிற்றெரிவு, மாதவிடாய் ஒழுங்கில்லை. இரத்தம் சோதித்தால் இரும்புச்சத்துக் குறைவு. காலைச் சாப்பாடு என்ன என்று கேட்டால் தாயைப் பார்ப்பார்கள். இரவில் ஐந்து மணித்தியாலம் நித்திரை கொள்கிற பிள்ளைக்குப் படித்தது மனதில் நிற்காது. பஸ்ஸில் போகிற இரண்டு மணித்தியாலம் இரண்டு வருடத்தில் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். விடுதியில் நன்றாக இருக்கிற பிள்ளைகளும் உண்டு. அது பிள்ளையின் குணத்தைப் பொறுத்தது, அதைத் தாய்தான் அறிவாள்.

எப்போது அனுப்பத்தான் வேண்டும்? பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லையென்றால் அனுப்புங்கள். ஒரு வருடமாக நிரப்பப்படாத வெற்றிடம் அடுத்த தவணை நிரம்பும் என்று யார் சொன்னாலும், நாங்களே சொன்னாலும், நம்பாதீர்கள். பிள்ளை விரும்பும் பாடம் இங்கே இல்லையென்றாலும் அனுப்புங்கள். மற்றப்படி பெயர்ப்பலகையை விட்டுவிட்டுச் சில கேள்விகள் கேளுங்கள். மூன்று பாடங்களுக்கும் யார் படிப்பிக்கிறார், எத்தனை வருடமாக? செய்முறை கிழமைக்கு எத்தனை தரம்? கடைசி மூன்று வருடமும் மூன்று பாடமும் சித்தியடைந்தவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விகளை எங்கள் கல்லூரியிடமும் கேளுங்கள், ரவுணிலும் கேளுங்கள்.

இதில் கல்லூரியின் பங்கும் இருக்கிறது. ஆளணி மாணவர் தொகையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. கெட்டிக்காரர் நால்வர் போனால் அவர்களைப் பார்த்து இன்னும் நால்வர் போவார்கள். வகுப்பில் இருவர் மிஞ்சினால் ரீச்சர் மேலதிகம் என்று இடமாற்றம் வரும். பிறகு அந்த இருவருக்கும் வழியில்லை. அவர்களிடம் பஸ்ஸுக்கும் காசில்லை. இதற்காக ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்திருங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. இருக்கிறவர்களுக்குத் தரமாகக் கொடுக்கத்தான் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. ஆகையால் லண்டன், ரொறொன்ரோ, சிட்னிக் கிளைகளிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு வளைவுக்கென்று சேர்த்த காசில் பாதியை ஆய்வுகூடத்துக்கு மாற்றுங்கள். வளைவு ஒரு வருடம் பொறுக்கும்.

இந்த வருடம் 9 ஏ எடுத்த நால்வரின் பெற்றோரும் இங்கே வந்திருக்கிறார்கள். ஆய்வுகூடம் திறந்திருக்கிறது. தேநீருக்குப் பிறகு இரசாயனவியல் ரீச்சர் அங்கே நிற்பார், போய்க் கேளுங்கள்.