ஹீட்டர் வாங்கும் முன் ஒயரைப் பாருங்க



இந்த உரை முதலில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பழைய வீடுகளில் இருக்கிறவங்களுக்கு. மற்ற ஊர்க்காரங்களும் படிக்கலாம். பழைய வீடு எங்கே இருந்தாலும் பழைய வீடுதான்.

மழைக்காலம் தொடங்கியதும் இன்ஸ்டன்ட் வாட்டர் ஹீட்டர் விளம்பரங்கள் உங்க செல்போனுக்கு வர ஆரம்பிச்சிடும். பெரிய டேங்க் கிடையாது, கைக்கு அடக்கமான பெட்டி, சுவிட்சைப் போட்டால் உடனே சுடுதண்ணி. "மெட்ராஸ் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு?" என்று கிண்டல் பண்றவங்க உண்டு. மணலியில் நைட் ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவரையோ, பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிற பெண்ணையோ, மூட்டுவலியோடு இருக்கும் பெரியவரையோ அவங்க யோசிச்சிருக்க மாட்டாங்க. பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டு, அதிலேயே கைவிட்டு சூடு பார்க்கிற பழக்கத்தைவிட, முறையாக மாட்டிய இன்ஸ்டன்ட் ஹீட்டர் எவ்வளவோ மேல். ஆனால் அந்த "முறையாக" என்ற வார்த்தைக்குள் நிறைய வேலை இருக்கிறது.

வாங்குவதற்கு முன் பலரும் யூடியூப் பார்ப்பாங்க. டேங்க் இல்லாத ஹீட்டர் என்று தேடினால் வருகிற வீடியோக்களில் நிறைய அமெரிக்கா, கனடாவில் எடுத்தவை. அங்கே குளிர்காலத்தில் குழாயில் வரும் தண்ணீர் 5 டிகிரிக்குக்கூட இறங்கும். அதை 40 டிகிரிக்குக் கொண்டுவர 35 டிகிரி ஏற்ற வேண்டும். நம்ம ஊரில் மார்கழி காலையிலும் தண்ணீர் 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். 15 டிகிரி ஏற்றினால் போதும். ஒரு 3 கிலோவாட் ஹீட்டர் இங்கே நிமிடத்துக்கு 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, குளிக்கிற சூட்டில் தண்ணீர் தரும். அதே ஹீட்டர் அங்கே ஒன்றேகால் லிட்டர்தான் தரும். அதனால்தான் அங்கே 18 கிலோவாட், 24 கிலோவாட் என்று பெரிய மெஷின்களும், புகைபோக்கி வைத்த கேஸ் ஹீட்டர்களும் மாட்டுறாங்க. அதைப் பார்த்துவிட்டு "பெருசா வாங்கினா நல்லது" என்று முடிவுக்கு வராதீங்க. நமக்கு 3 கிலோவாட் தாராளம்.

செலவையும் சொல்லிடறேன். 15 லிட்டர் பக்கெட் ஒன்றைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய கால் யூனிட், 5 நிமிடம். நாலு பேர் ஆளுக்கொரு பக்கெட் என்றால் நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட்டுக்குப் பக்கம். முதலில் சில யூனிட் இலவசம் என்றாலும், பேன், பிரிட்ஜ், ஏசி எல்லாம் சேர்ந்த மொத்தத்தைப் பாருங்க. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருந்த சலுகைக் கட்டணமும் மாறிவிடும். ஷவர் போட்டு 10 நிமிடம் நின்றால் அரை யூனிட்.

இப்போ வீட்டுக்குள் வருவோம்.

ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் நிற்கின்றன. செங்கல், சுண்ணாம்புச் சுவர். ஒயர் மரப்பட்டிக்குள் ஓடும். வாசல் பக்கம் பீங்கான் ஃபியூஸ் கட்டை. அந்த ஒயரைப் போட்ட காலத்தில் வீட்டில் நாலு பல்பு, ரெண்டு பேன், ஒரு ரேடியோ இருந்திருக்கும். 5 ஆம்பியர் கணக்கு. 3 கிலோவாட் ஹீட்டர் இழுப்பது 13 ஆம்பியர். ஒயரில் உண்டாகும் சூடு கரண்ட்டின் இருமடிக் கணக்கில் ஏறும். 5 ஆம்பியருக்குப் பதில் 13 ஆம்பியர் ஓடினால் சூடு இரண்டரை மடங்கு அல்ல, ஏறக்குறைய ஏழு மடங்கு. ஹீட்டர் போட்டதும் லைட் மங்குகிறதா, சுவிட்ச் போர்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கா, லேசாகக் கருகின வாசனை வருதா? அந்த ஏழு மடங்குதான் அது. ஃபியூஸ் அடிக்கடி போகுது என்று தடித்த கம்பியாகப் பார்த்துக் கட்டுகிறவங்க, எரிய வேண்டிய இடத்தை ஃபியூஸிலிருந்து சுவருக்குள் மாற்றி வைக்கிறாங்க. அவ்வளவுதான்.

அதனால் ஹீட்டருக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு லைன் இழுங்க. பாத்ரூம் லைட் லைனில் சேர்க்க வேண்டாம். செம்பு ஒயர், 4 ஸ்கொயர் எம்.எம். இருந்தால் நல்லது, பழைய எலெக்ட்ரீஷியன்கள் 7/20 என்று சொல்வது ஏறக்குறைய இதுதான். தூரம் குறைவு என்றால் 2.5 போதும். 16 அல்லது 20 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் ப்ளக் பாயின்ட். 4.5 கிலோவாட் ஹீட்டரைக் கடைக்காரர் கையில் கொடுத்தால் ஒன்று நினைவில் வைங்க: அது 20 ஆம்பியருக்குப் பக்கம் இழுக்கும், 16 ஆம்பியர் ப்ளக்கில் மாட்டவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதற்குமே வேண்டாம். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும்.

அடுத்தது எர்த். உயிர் தொங்குகிற இடம் இதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ப்ளக்கில் மூணு ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கு என்று நினைக்காதீங்க. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருக்கும். சில இடங்களில் அதைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பாங்க. இரும்புக் குழாயாக இருந்தவரை ஏதோ வேலை செய்தது. பிறகு குழாயில் பாதியை பிளாஸ்டிக்கில் மாற்றியதும் அந்த எர்த் முடிந்தது, யாருக்கும் தெரியாது. இன்னும் மோசமானது, எர்த் பின்னை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டுவது. "டெஸ்டர்ல ஒண்ணும் காட்டல, எல்லாம் ஓகே" என்பாங்க. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த நிமிடமே ஹீட்டர் உடம்பு, தண்ணீர், குழாய் எல்லாம் லைவ் ஆகிவிடும். இப்படிக் கட்டித்தருகிறேன் என்று ஒருத்தர் சொன்னால் அவரை அன்போடு அனுப்பிவிடுங்க. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற ஒயர்மேனைக் கூப்பிட்டு, எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்க. தேவைப்பட்டால் புது எர்த் குழி போடணும். கடலோரத்தில் எர்த் கம்பியும் அதன் இணைப்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், நல்லா இருந்ததையும் சில வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.

எம்.சி.பி. இருக்கே, ஷாக் அடித்தால் டிரிப் ஆகாதா என்று கேட்பீங்க. ஆகாது. 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். மனிதரைக் கொல்ல 100 மில்லி ஆம்பியருக்குக் கீழேயே போதும். எம்.சி.பி.க்கு அது கண்ணிலேயே படாது. அது ஒயரைக் காப்பாற்ற வைத்த கருவி. ஆளைக் காப்பாற்ற வைப்பது ஆர்.சி.சி.பி., சிலர் ஆர்.சி.டி. என்பாங்க. போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கேயோ கசிகிறது, ஒருவேளை ஒரு ஆள் வழியாக, என்று கண் சிமிட்டும் நேரத்தில் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்க. அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்க. கீழே விழணும். விழவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை.

பழைய வீட்டில் இதை வைத்ததும் ஒரு தொல்லை வரும். அடிக்கடி டிரிப் ஆகும். மழை நாளில் இன்னும் அதிகம். "தொல்லை பிடிச்ச மெஷின்" என்று கழற்றிப் போட்டவங்களும் இருக்காங்க. அது பொய் சொல்லவில்லைங்க, வீட்டு ஒயரில் ஏற்கெனவே கசிவு இருக்கு. முழு ஒயரிங்கையும் மாற்ற இப்போதைக்குக் காசு இல்லை என்றால், ஹீட்டருக்குப் போட்ட தனி லைனுக்கு மட்டும் ஒரு ஆர்.சி.சி.பி. வைக்கலாம். புது ஒயர் என்பதால் தேவையில்லாமல் டிரிப் ஆகாது. மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வட சென்னைக்கென்று ஒரு கூடுதல் காரணமும் உண்டு: உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். 2010-ல் மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை வந்தது. நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன். ஆனாலும் குளிக்க, துவைக்க போர் தண்ணிதான் என்கிற வீடுகள் ஏராளம். போர் தண்ணி உள்ளே இருக்கிற காயில் மேல் வெள்ளையாகப் படியும். படிவு ஏறினால் காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து வெடிக்கும். அதன் உறை கிழிந்தால் கரண்ட் தண்ணீரில் இறங்கும். உப்புத் தண்ணி நல்ல தண்ணியைவிட எளிதாகக் கரண்ட்டைக் கடத்தும். மேலே எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது இதனால்தான். ஹீட்டருக்கு மெட்ரோ வாட்டர் லைனைக் கொடுக்க வழி இருந்தால் கொடுங்க. போர் தண்ணிதான் என்றால் வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் பண்ண வைங்க.

தண்ணீர் வருகிற வேகத்தையும் பாருங்க. வாசலில் அடிபம்பு, அதிலிருந்து குடத்தில் பிடித்து டிரம்மில் ஊற்றுகிற வீடு என்றால், இன்ஸ்டன்ட் ஹீட்டர் உங்களுக்கு இல்லை. மேலே டேங்கும் அதிலிருந்து குழாயும் இருந்தால்தான் இது வேலை செய்யும். டேங்க் ஹீட்டரைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான். ஹீட்டருக்குக் குறைந்தது எவ்வளவு வேணும் என்று பெட்டியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். பணம் கொடுக்கும் முன் படிங்க. வெளியே வரும் சுடுதண்ணிக் குழாய்க்குச் சாதாரண பி.வி.சி. வேண்டாம், இளகிவிடும், சி.பி.வி.சி. போடுங்க. ஹீட்டரில் உள்ள சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக வருது என்று அதை அடைக்கவே கூடாது.

ஒரு நல்ல செய்தி, பழைய சுண்ணாம்புச் சுவருக்கு இந்தச் சின்ன ஹீட்டர் ஏற்றது. 15 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ.

"கரண்ட்டே வேண்டாம், கேஸ் ஹீட்டர் மாட்டிக்கிறோம்" என்று சிலர் சொல்வாங்க. தண்ணீர் வேகமாக வரும், உண்மைதான். ஆனால் அதைப் பாத்ரூமுக்குள் மாட்டாதீங்க. ஒரு சின்ன ஜன்னல், அதையும் குளிர்காற்று வருதென்று அடைத்துவிடுவோம். மூடிய அறையில் கேஸ் எரிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் குறையும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி, தலைசுற்றல், பிறகு கதவைத் திறக்கக் கை எழாது. வெளிச்சுவரில், காற்றோட்டமான இடத்தில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர முடிந்தால் மாட்டுங்க. முடியாவிட்டால் விட்டுடுங்க. உள்ளே போனவர் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை என்றால் கதவை உடைத்து வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்க. கேஸ் கசிவுக்கு 1906.

வாங்கும்போது செல்போனைக் கையில் எடுங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். பெட்டியில் உள்ள பெயரும் செயலியில் வரும் பெயரும் வேறாக இருந்தால் வாங்க வேண்டாம். பில் கட்டாயம் வாங்குங்க. பில் இல்லாமல் வாரண்டி பேச முடியாது. கடை கைவிரித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்வதற்கும் அதுதான் ஆதாரம்.

மின்பளுவை நிறைய பேர் விட்டுவிடுவாங்க. உங்க மின் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் பதிவாகி இருக்கு என்று மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பழைய இணைப்பு 1 கிலோவாட் என்று இருந்தால், ஹீட்டர் ஒன்றே அதைப்போல் மூணு மடங்கு. கூடுதல் மின்பளுவுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். "கேட்டால் காசு கட்டச் சொல்வாங்க, கேட்காமலே ஓட்டுவோம்" என்று தெருவில் நாற்பது வீடும் நினைத்தால், மார்கழி காலை ஆறு மணிக்கு நாற்பது ஹீட்டர் ஓடும், தெரு முனையில் உள்ள பில்லர் பாக்ஸுக்கு அது தெரியாது. ஒருநாள் புகையும். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்படும்வரை மாநிலத்துக்கே கரண்ட் அனுப்பிய பகுதி நம்முடையது. நம்ம தெருவிலேயே பில்லர் பாக்ஸ் எரிந்து இருட்டில் உட்காருவது என்ன நியாயம்? பில்லர் பாக்ஸ் கதவு திறந்து கிடந்தாலோ, சூடாகிப் புகைந்தாலோ மின்னகம் எண் 94987 94987-க்கு எந்நேரமும் சொல்லலாம்.

வாடகை வீட்டில் இருக்கிறவங்களுக்கு: இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், கூடுதல் மின்பளுவுக்கு அவர் சம்மதம் வேணும். ஒயரும் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் வீட்டோடு நிற்கப் போகிறவை. ஹீட்டர் நீங்க போகும்போது எடுத்துப் போகப் போவது. செலவையும் அப்படியே பிரித்துப் பேசலாம் என்பது என் கருத்து. ஒயர்மேனைக் கூட்டிவந்து அவர் முன்னாலேயே மூன்றாவது ஓட்டையை டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. எர்த் இல்லாத ப்ளக்கை நேரில் பார்த்துவிட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.