காழிப்பிள்ளையார் சுட்டிய விரல்

புதுவை, வேதபுரீசுவரர் திருக்கோயில். வைகாசி மூலத் திருநாட் சொற்பொழிவு

திருச்சிற்றம்பலம்



இன்று வைகாசி மூலம். திருஞானசம்பந்தப் பெருமான் நல்லூர்ப் பெருமணத்தில் சோதியுட் கலந்த நன்னாள். நம் ஊருக்கு அணித்தாய இரும்பை மாகாளத்தைப் பாடியவர், நம் ஆட்சிப் பகுதியாகிய காரைக்காலைச் சார்ந்த திருநள்ளாற்றைப் பாடியவர் என்ற உரிமையாலும் புதுவையார் இந்நாளைக் கொண்டாடுதல் தகும். ஆயினும் அடியேன் இன்று பேச எடுத்துக்கொண்டது அவர்தம் நிறைவை அன்று. சீகாழிக் குளக்கரையில் மூன்றாம் ஆண்டில் நிகழ்ந்த தொடக்கத்தையே.

வரலாறு நீங்கள் அறிந்ததே. சிவபாத இருதயர் நீராடச் செல்கின்றார். பிள்ளையும் அழுது உடன் செல்கின்றது. கரையில் இருத்திவிட்டுத் தந்தையார் நீருள் மூழ்கி மந்திரம் செபிக்கின்றார். காணாத பிள்ளை அழுகின்றது. அழுத பிள்ளை எங்கே நோக்கிற்று? தந்தை மூழ்கிய நீரையா? அன்று, திருத்தோணிச் சிகரத்தை நோக்கி அம்மையையும் அப்பனையும் கூவிற்று. தந்தையைக் காணாமையோடு முன்னை உணர்வு மூண்டமையையும் இவ்வழுகைக்குக் காரணமாகச் சேக்கிழார் பெருமான் காட்டுகின்றார். ஊன்றி நோக்க வேண்டிய இடம் இது.

ஈன்ற கன்று மடியைத் தேடுகின்றது. அதற்குக் கற்பித்தவர் யார்? பிறந்த குழவி பாலை விரும்புதலையே சான்றாகக் காட்டி, உயிர்க்கு முற்பிறப்பு உண்டு என்று கௌதமர் தம் நியாய சூத்திரத்தில் வாதிடுகின்றார். இக்காலத்து அறிவியலார் முற்பிறப்புப் பேசார். எனினும் கற்பியாமலே வரும் அறிவை மறுப்பாரல்லர். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இருவர், பிறந்து மூன்று நாள் கடவாத குழந்தைகளின் வாயில் இரப்பர்க் காம்பை வைத்து, அவை சப்பும் முறைக்கேற்பத் தாயின் குரலோ வேறொருத்தியின் குரலோ ஒலிக்குமாறு கருவி அமைத்து ஆராய்ந்தனர். தாயின் குரல் வரும் வகையில் குழந்தைகள் சப்பும் முறையை மாற்றிக்கொண்டனவாம்! கருவில் கேட்ட குரலை வெளியிலும் தேடின என்பர். குரலைத் தேடின குழவிகள் அவை; குரல் கொடுத்துத் தேடிற்று காழிக்குழவி.

குழந்தையெல்லாம் தெய்வம் என்று சொல்லிவிடுதல் எளிது. சித்தாந்தம் அவ்வாறு சொல்லவில்லை. ஆணவமும் உயிரோடு அநாதியே உள்ளது. பக்கத்துப் பிள்ளையின் கரும்பைப் பறிப்பதும் குழந்தையின் இயல்பே, தேர்த்திருவிழாவில் கண்டிருப்பீர்கள். அறிவித்தால் அறிவது உயிர். அழுகை பிள்ளையினது, பொற்கிண்ணத்துப் பாலோ உமையம்மை தந்தது. தேடும் இயல்பு மட்டும் இருந்து, ஊட்டுவார் இலராயின் அத்தேட்டம் அழுகையாகவே ஓய்ந்துபோம்.

இனித் தந்தையார் கரையேறுகின்றார். கடைவாயில் வழியும் பாலைக் காண்கின்றார். யார் தந்த பாலை உண்டாய், எச்சில் மயங்கினாயே என்று சிறு கோல் ஓங்குகின்றார். அவரை இகழாதீர்கள், ஆசாரம் பிறழலாகாது என்ற கவலை அவர்க்கு. வேதம் ஓதியவர், வேள்வி வேட்டவர், தவமிருந்து இப்பிள்ளையைப் பெற்றவர். ஆயினும் பிள்ளை கண்டதை அவர் கண்டிலர்.

பிள்ளை ஒரு தாளை எடுத்து நின்று, வலக்கை விரலால் மேலே சுட்டிற்று. சோழர்காலச் செப்புத் திருமேனிகளில் ஆடும் கண்ணனையும் காழிப்பிள்ளையாரையும் பிரித்தறிய உதவும் அடையாளங்களுள் இவ்விரலும் ஒன்று. பதிகம் பின்னர் வந்தது. விரல் முன்னர் எழுந்தது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? பேச்சு வருமுன்னரே, ஓராண்டு நிறையும் அளவில், குழந்தை விரல் நீட்டத் தொடங்குகின்றது. வேண்டும் என்பதற்காக மட்டும் நீட்டுவதில்லை. நிலவைக் காட்டி நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கின்றதே, அதன் பொருள் என்ன? ‘நான் கண்டதை நீயும் காண்’ என்பதன்றோ! நாமோ, பூசணிப் பிஞ்சைச் சுட்டினால் அழுகிவிடும் என்று சொல்லி அவ்விரலை மடக்குகின்றோம்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூரிலும் இதுவே நிகழ்ந்தது. தந்தையார் வெளியூர் செல்ல, பூசை செய்யச் சென்ற சிறுவர் நம்பியாண்டார் நம்பி, படைத்த நிவேதனத்தைப் பொல்லாப்பிள்ளையார் உண்பார் என்றே எண்ணினார். உண்ணாமை கண்டு கல்லில் தலையை மோதிக்கொள்ளப் புகுந்தார். பிள்ளையார் தடுத்து உண்டருளினார். வீட்டார் பிரசாதம் கேட்க, அவர் உண்டுவிட்டார் என்ற சொல்லை ஒருவரும் நம்பவில்லை. அச்சிறுவரே பின்னாளில் திருமுறைகளைத் தொகுத்தளித்தவர்.

தாய்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கின்றேன். குழந்தை அழுதவுடன் கையில் கைப்பேசியைக் கொடுத்து வாயடைக்கின்றீர்களே, அது எதைத் தேடி அழுதது என்று ஒருகணம் பார்த்தீர்களா? பசியாக இருக்கலாம், அச்சமாக இருக்கலாம், ‘என்னைப் பார்’ என்பதாகவும் இருக்கலாம். ஒளிரும் கண்ணாடியைக் கண்டவுடன் அழுகை நின்றுவிடுகின்றது, மெய்தான். நின்றது அழுகை மட்டுமோ, தேட்டமும் கூடவோ? இம்மண்டபத்திலேயே அதோ அந்தத் தூணருகே, கோபுரத்தைக் காட்டி ஏதோ கேட்கின்றது ஒரு பிள்ளை; பேச்சுக் கேட்க வேண்டும் என்று அதன் வாயைப் பொத்துகின்றார் பாட்டனார். ஐயா, என் பேச்சு காத்திருக்கும். முதலில் அதற்கு விடை சொல்லுங்கள்!

கோல் ஓங்கிய சிவபாத இருதயர் பின்னர் என்ன செய்தார்? விரல் காட்டிய திசையை நோக்கினார், பதிகத்தைக் கேட்டார், அஞ்சி நின்றார், கோல் நழுவியது. அம்மையார் பகவதியாரின் பிறந்த ஊர் திருநனிபள்ளி. இந்நாளில் புஞ்சை என வழங்குவது. அவ்வூரார் அழைக்க, பிள்ளையைத் தம் தோள்மேல் ஏற்றிக்கொண்டு நடந்தார். பிள்ளையாரும் தாம் தந்தையார் தோள்மேலிருந்து பாடுவதை அப்பதிகத்தின் திருக்கடைக்காப்பிலேயே பதித்துவைத்தார்.

திருச்சிற்றம்பலம்