அந்தச் சின்ன எழுத்தை நம்பலாமா?

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது)

அவரவர் பொழுதுபோக்கைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். எனக்குக் காசைப் பற்றித்தான் பேச வரும்.

உங்கள் பர்ஸில் இருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. நாணயம் எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் இது.

அமெரிக்காவிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே இருக்கும் பிள்ளைகள் வாங்கி வரும் பழைய வெள்ளி டாலர்களில் பெரும்பாலும் பார்ப்பது மார்கன் டாலர். 1878 முதல் 1904 வரையும், மறுபடி 1921-லும் அடித்தார்கள். ஒரு பக்கம் பெண்ணின் முகம், மறுபக்கம் கழுகு. கழுகுப் பக்கத்தில், மாலை முடிச்சுக்குக் கீழே சின்ன எழுத்து இருக்கும். 'எஸ்' சான்பிரான்சிஸ்கோ, 'ஓ' நியூ ஆர்லியன்ஸ், 'சிசி' கார்சன் சிட்டி. 'டி' டென்வர், அது 1921-ல் மட்டும். எழுத்தே இல்லை என்றால் பிலடெல்பியா.

இந்த எழுத்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். போன மாதம் நம் பிளாக்கில் ஒரு அம்மா, மறைந்த கணவர் வைத்திருந்த நான்கு டாலர்களை வெள்ளி எடைக்குப் போடக் கிளம்பினார். போகும் வழியில் என்னிடம் காட்டினார். மூன்று 1921. நான்காவதில் 1885, கீழே 'சிசி'. அந்த ஆண்டு அந்த ஊரில் அடித்தது 2,28,000 மட்டுமே. எடை சரியாக இருந்தது, காந்தமும் ஒட்டவில்லை. அசல்தானா என்று தெரிய, மகள் மூலம் அமெரிக்காவுக்குத் தரம் பார்க்க அனுப்பியிருக்கிறார்.

எத்தனை அடித்தார்கள் என்பது ஒரு கணக்கு, எத்தனை மிஞ்சின என்பது வேறு கணக்கு. 1918-ல் ஒரு சட்டம் போட்டு 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அந்த வெள்ளியில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக வந்தது நம் இந்தியாவுக்கு, ரூபாய் அடிக்க! உங்கள் வீட்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயிலும் அது கலந்திருக்கலாம்.

எழுத்துக்கு விலை உண்டு என்றால் எழுத்தில் மோசடியும் உண்டு. 1893-ல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது ஒரு லட்சம்தான், விலையோ மிக அதிகம். ஆகவே, எழுத்து இல்லாத 1893 நாணயத்தில் 'எஸ்' ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது அசல் வெள்ளி, எடையும் சரியாக இருக்கும். தராசு இதைப் பிடிக்காது, லென்ஸ்தான் பிடிக்கும். அசல் 'எஸ்' நாணயங்கள் எல்லாவற்றுக்கும் முகப்பக்க அச்சு ஒன்றே. அதனால் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'டி' எழுத்தின் மேல்பகுதியில் ஒரு மெல்லிய புடைப்புக் கோடு இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. 1896, 1900, 1902 நியூ ஆர்லியன்ஸ் டாலர்கள் சிலவற்றில் 'ஓ' மிகச் சின்னதாக இருக்கும். அபூர்வம் என்று நெடுநாள் சேகரித்தார்கள். 2005-ல் பார்த்தால், அத்தனையும் அந்தக் காலத்துக் கள்ள நாணயம்! ஆனால் 1899-ன் சின்ன 'ஓ' அசல். 1900-ல் 'ஓ'வுக்கு அடியில் 'சிசி' தெரிந்தால் அதுவும் அசல்தான். கார்சன் சிட்டியில் மிஞ்சிய அச்சுகளின் மேல் 'ஓ' குத்திப் பயன்படுத்தினார்கள்.

இனி தரம். 1 முதல் 70 வரை மதிப்பெண். 60-க்கு மேல் என்றால் புழங்காத காசு. முதலில் தேய்வது காதுக்கு மேலுள்ள முடியும் கழுகின் மார்பும். அங்கே மழுங்கியிருந்தால் புழங்கியது. கன்னத்தில் சின்னக் கீறல்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆயிரம் காசு கொண்ட பையில் ஒன்றோடொன்று மோதிய வடு அது. சில்லறை மூட்டை தூக்கிய எங்களுக்கு அது புரியும். நியூ ஆர்லியன்ஸ் காசுகளில் அச்சே மங்கலாக விழுவதும் உண்டு. அதைத் தேய்மானம் என்று எண்ணிவிடாதீர்கள். மங்கலாக இருந்தாலும் பளபளப்பு மாறாமல் இருந்தால் அது அச்சின் குறை.

முடிவாக மூன்று விஷயம்.

ஒன்று, தெரிந்த நகைக்கடையில் எடை போடுங்கள். 26.73 கிராம் இருக்க வேண்டும், தேய்ந்ததில் சற்றுக் குறையலாம். அகலம் 38.1 மில்லிமீட்டர். காந்தம் ஒட்டினால் போலி.

இரண்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் எழுத்தைச் சுற்றிப் பாருங்கள். விளிம்பில் பசைக்கோடோ நிற மாற்றமோ இருந்தால் வாங்காதீர்கள்.

மூன்று, இது பெண்மணிகளுக்கு. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல விபூதியோ புளியோ போட்டுத் துலக்கிவிடாதீர்கள். கறுப்பு இருக்கட்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய டாலருக்குப் பாதி விலைகூடக் கிடைக்காமல் போகலாம்.

வீட்டில் இருப்பதை எடுத்து வாருங்கள், லென்ஸ் என்னிடம் இருக்கிறது. காபி உங்கள் செலவு.