நம் நகரில் பிறந்த நூல்கள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இத்தகைய மேடைகளில் தமிழின் பழம்பெருமை பேசுவது நம் வழக்கம். அஃது இன்பந் தருவதே. எனினும், “அண்மையில் எந்த நூலைப் படித்தீர்கள்?” என்று ஒருவரையொருவர் வினவும் வழக்கம் நம்மிடையே அருகிவிட்டது. ஆதலின், இவ்வாண்டு யாம் படித்த நூல்களுள் மூன்றைப் பற்றி இங்கே கூற விழைகின்றோம். மூன்றும் இத்திருவனந்தபுரத்தில் வாழ்ந்து பணிபுரிந்தோர் எழுதியவை.

முதலாவது, மனோன்மணீயம். இங்கு மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை அவர்கள் 1891-இல் வெளியிட்ட நாடகம் இது. இதன் தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியே 2021-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. வாழ்த்தைப் பாடும் நம்முள், நாடகத்தைப் படித்தவர் எத்தனை பேர்?

இரண்டாவது, நீல பத்மநாபன் எழுதிய பள்ளிகொண்டபுரம். மின்வாரியப் பொறியாளராகப் பணியாற்றிய அவர், மனைவியைப் பிரிந்த அனந்தன் நாயரின் நெஞ்சத் துயரைத் தமிழில் வடித்துள்ளார். பத்மநாபசுவாமி கோயிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களும் கதையோடு கலந்து நிற்கின்றன. அடுத்த வீட்டு மலையாளியின் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் உள்ளத்தை இந்நூலிற் கண்டோம்.

மூன்றாவது, ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகள். சாலைக் கம்போளத்தில் பாத்திரக் கடை நடத்தியவர் அவர், 2015-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார், 2021-இல் மறைந்தார். சுமை தூக்குவோரும் சிறுவணிகரும் போக்கிரிகளும் இக்கதைகளில் உயிர்பெற்று உலவுகின்றனர். அரிசியும் காய்கறியும் வாங்க நாம் நடக்கும் தெரு அது. எனினும் இதனைப் படித்த பின்னரே அத்தெருவில் வாழ்வோரின் முகங்களை யாம் உற்று நோக்கலானோம்.

இம்மாதவன் பள்ளியிற் பயின்றது மலையாளமே. தமிழைத் தம் முயற்சியாற் கற்றார். இச்செய்தியைப் பெற்றோர்கள் நெஞ்சில் இருத்த வேண்டும். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பலர்க்கோ அதனைப் படிக்கத் தெரிவதில்லை. பள்ளியில் தமிழ் இல்லையே என வருந்துகின்றோம். வருத்தத்தால் எழுத்து வருமோ? இந்நிலை நீடிப்பின், இன்று நாம் போற்றும் நூல்கள் இன்னுமொரு தலைமுறையில் நம் வீடுகளிலேயே திறப்பாரின்றிக் கிடக்கும்.

ஆதலின், ஒரு வேண்டுகோள். இரவு உணவிற்குப்பின் கால்மணி நேரம் பெரியோர் ஒருவர் ஒரு கதையை உரக்கப் படிக்கட்டும். பிள்ளைகள் கேட்கட்டும். சுவை கண்ட பிள்ளை, “மேலே என்ன?” என்று தானே ஏட்டைப் பிடுங்கும், எழுத்தறிய அதனினும் சிறந்த தூண்டுதல் வேறில்லை. திங்கள்தோறும் ஒரு நாள் கூடி, அவரவர் படித்ததைச் சொல்வோம். பிள்ளைகள் பாதி மலையாளத்திற் சொன்னாலும் நகையாது கேட்போம்.

அடுத்த ஆண்டு விழாவில், இம்மேடையில் நின்று, தான் படித்த தமிழ் நூலைப் பற்றி நம் காலனிச் சிறுமி ஒருத்தி பேசட்டும். கேட்க யாம் முன்வரிசையில் அமர்ந்திருப்போம்.