எங்கள் தோட்டமும் அயற்கிணறும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே தோட்டக் கழகத்தின் சார்பில் நிகழ்த்திய உரை)

எமது தோட்டக் கழகத்தின் நடவடிக்கைகளைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். நட்ட மரங்களையும் சென்ற சுற்றுலாக்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டு அமரலாம். ஆனால், நாம் செய்த தவறொன்றையே முதலிற் சொல்லவேண்டியிருக்கின்றது.

கழகம் 2022ஆம் ஆண்டிலே தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. தடை சில மாதங்களில் நீங்கினாலும், அடுத்து எரிபொருளும் அருகியது. மரக்கறி விலையும் ஏறியது. வளவிலே கத்தரியும் வெண்டியும் நட்டால் வீட்டுக்கு உதவுமே என்று எண்ணினோம். பூவரசங்குழையும் ஆட்டெருவும் இட்டோம், நன்றாகவே காய்த்தன.

அந்தத் துணிவிலே சென்ற ஆண்டு பங்குனியிற் சங்க வளவு முழுவதும் தேசி, மா, மாதுளைக் கன்றுகளை நட்டோம். வெயில் ஏறிற்று. மாலைதோறும் மின்மோட்டரை ஓடவிட்டு வாய்க்கால் நிறைய இறைத்தோம். ஆனி முடியுமுன் தேசி இலைகளின் ஓரங்கள் கருகத் தொடங்கின. நீர் போதவில்லையென்று கருதி மேலும் இறைத்தோம்.

ஒருநாள் அடுத்த வளவு ஆச்சி வேலியோரம் வந்து நின்றார். “தம்பியவை, நீங்கள் மரத்துக்கு இறைக்கிறியள்; எங்கடை தேத்தண்ணி உவர்க்குது” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எம் கிணற்று நீரை அள்ளிக் குடித்துப் பார்த்தோம். அதுவும் உவர்த்தது. எம்மிற் பலர் மிஷன் பாடசாலைகளிற் பயின்று, செடிகளின் இலத்தீன் பெயர்களை மனனஞ் செய்தவர்கள். காலடியிலிருந்த நீரைப்பற்றி ஒன்றும் அறியாதிருந்தோம்.

ஆவணியிலே நிலாவரைக்குப் போனோம். உல்லாசப் பயணமென்று திட்டமிட்டது, பாடமாக முடிந்தது. அக்கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருக்கின்றன. குடாநாடு முழுவதற்கும் அதுவே நிலைமை. எமக்கு வற்றாத ஆறில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்குமென்பது கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் இரு ஐரோப்பியர் கண்ட கணக்கு. மேலே 1 அடி குறைந்தாலோ, கீழிருந்து உப்புநீர் அத்தனை அடி மேலெழ இடமுண்டாகும். “ஆழமறியாமற் காலை இடாதே” என்ற பழமொழியின் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

அன்று மாலை கீரிமலைக் கேணியருகே, கடலோரத்திலேயே நன்னீர் ஊறுவதைக் கண்டோம். பின்னொருநாள் குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்குச் சென்று, அங்குள்ள பெருக்கு மரத்தைச் சுற்றி நின்றோம். ஆபிரிக்காவுக்குரிய அம்மரவினம் மழைக்கால நீரை அடிமரத்திலே சேமித்து வறட்சியைத் தாங்கவல்லது. மரத்துக்குத் தெரிந்தது எமக்குத் தெரியவில்லையே என்று ஒரு தோழர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். ஆயினும் அது சிரிப்புக்குரிய பேச்சன்று.

திரும்பியபின் ஊர்ப் பெரியவர்களிடம் போனோம். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தை அறிந்த ஐயா ஒருவர், “துலா மிதிச்சவனுக்குக் களைப்பு வரும், மோட்டருக்கு வராது” என்றார். அக்களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. பனையோலையையும் குழையையும் மண்ணிலே தாழ்க்கும் வழக்கத்தை அவரே எமக்குக் காட்டினார். மிதமிஞ்சிய பசளையும் கல்லினூடே கிணற்றுக்குத்தான் இறங்குகின்றது; வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆய்வாளர் பலமுறை கண்டுள்ளனர்.

இப்பொழுது கன்றுகளின் அடியிலே பொச்சுமட்டை புதைத்து, சருகால் மூடியிருக்கின்றோம். மோட்டரை நிறுத்தி, வாளியால் அளந்து வார்க்கின்றோம். பட்டுப்போன கன்றுகளுக்குப் பதிலாக வேம்பும் முருங்கையும் கார்த்திகை மழையோடு நட்டோம். வட மாகாணத்தில் அம்மாதத்தை மரநடுகைக்குரியதாகக் கொண்டதன் காரணம், பங்குனியில் நட்டுக் கெட்ட எமக்கு நன்கு தெரியும். சங்கக் கூரையின் மழைநீரையும் குழிவழியே நிலத்துக்கு விட்டோம். மாரி முடிந்தபின் கிணற்றின் உவர்ப்புக் குறைந்தது, முற்றாக நீங்கவில்லை. ஆச்சி இன்னும் குடிநீரை வேறு வீட்டிலேதான் அள்ளுகின்றார்.

ஆகவே பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் அறிந்த பழைய முறைகளை எமக்குச் சொல்லித் தாருங்கள். தோழர்களிடம் இன்னொன்று: அடுத்த மாரிக்குமுன் ஒவ்வொருவரும் தத்தம் வளவிலே மழைநீர் இறங்க ஒரு குழி வெட்டுங்கள், ஊர்க் குளத்தைத் தூர்வார மண்வெட்டியோடு வாருங்கள். வேலி நிலத்துக்கு மேலேதான் நிற்கின்றது; நிலத்தின் கீழே எல்லோருக்கும் ஒரே தண்ணீர். ஆச்சி தம் கிணற்றிலேயே மீண்டும் அள்ளிக் குடிக்கும் நாளிலேதான், எங்கள் தோட்டம் செழித்ததென்று இம்மேடையிற் சொல்வோம்.