ஹெரால்டுக்கு எந்த ஸ்பிரிங்?



வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று இன்று அங்கே வரிசையாகத் தொழிற்சாலைகள். இவை வருவதற்குப் பல காலம் முன்பே, அதே சாலை புறப்படும் வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாரானது. அதை இன்னும் பேணி ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்பது: பின்பக்க சஸ்பென்ஷனை மாற்றலாமா?

ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒரே இரும்பு அச்சில் கோத்தவை அல்ல. டிஃபரன்ஷியலின் இருபுறமும் தனித்தனி அச்சு. மேலே குறுக்காக, பட்டைகளை அடுக்கிய ஒரே ஸ்பிரிங். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்றதுக்கு அந்த அதிர்ச்சி அதிகம் போகாது. அதுதான் அதன் சொகுசு. ஆனால் வளைவில் வேகமாகத் திருப்பி, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கும், டயர் பிடிப்பை விட்டுவிடும்.

இதற்கு மூன்று வழி உண்டு. முதலாவது, வண்டியைத் தாழ்த்துவது. சக்கரம் மடங்குவது குறையும். ஆனால் நம் ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு உரசும். இரண்டாவது, 1970களில் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரைப் போல ஒரே முழு அச்சு போடுவது. உறுதிதான், ஆனால் அதற்குச் சேசிஸில் கை வைக்க வேண்டும். அப்புறம் அது ஹெரால்டு அல்ல. மூன்றாவது, 1970இல் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில் வந்த முறை. ஸ்பிரிங்கின் ஒரு பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றவற்றை நடுவில் அசைய விட்டார்கள். கூடவே முன்பக்க ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்கினார்கள். சொகுசும் போகவில்லை, ஆபத்தும் வெகுவாகக் குறைந்தது. என் பரிந்துரை இதுதான்.

அதற்கு முன் முன்சக்கரத்தைப் பாருங்கள். அதன் கீழே ட்ரன்னியன் என்றொரு வெண்கலப் பாகம். திருகு மரையில் ஏறி இறங்கித்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு வேண்டியது கியர் ஆயில், கிரீஸ் அல்ல. காய்ந்துபோனால் தேய்ந்து, ஒருநாள் உடைந்து, சக்கரம் சாய்ந்துவிடும்.

ஆகவே அன்பர்களே, முதலில் ட்ரன்னியனுக்கு எண்ணெய், அடுத்து புதிய புஷ், நல்ல ஷாக் அப்சார்பர். இத்தனையும் சரியான பிறகே ஸ்பிரிங்குக்குச் செலவு செய்யுங்கள்.