மசோதா கொண்டுவந்த வாத்தியார்

(ஆசிரியர் தினத்தையொட்டி தென்காசியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1936-ஆம் வருசம் கடைசியில, நம்ம ஊர்ச் சேரியில இருந்து ஒரு குடும்பம் செங்கோட்டைக்குப் போகுதுன்னு வச்சுக்கோங்க. அங்க இருக்கிற சர்க்கார் கோயிலுக்குள்ள அவங்க சட்டப்படி போகலாம். அதே குடும்பம் திரும்பி வந்து இங்க காசி விசுவநாதரையோ, குற்றாலநாதரையோ உள்ளே போய்ப் பார்க்க எந்தச் சட்டமும் துணைக்கு வராது. பஸ் ஏறினா கால் மணி நேர தூரம்தான். ஆனா அன்னைக்கு செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். 1936 நவம்பர் 12-ல மன்னர் ஆலய நுழைவுப் பிரகடனம் போட்டுட்டார். தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம். இங்க அப்படி ஒரு சட்டம் வேணும்னு சட்டசபையில மசோதா கொண்டுவந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

அவர் பெயர் எம்.சி. ராஜா. மயிலை சின்னத்தம்பி ராஜா. 1883-ல் பரங்கிமலையில் பிறந்தவர். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்து, கிறித்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, வாத்தியார் வேலைக்குப் போனார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் எழுதினார். 1916-ல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர். 1920-ல் சென்னை மாகாண சட்டசபைக்குள் போனார்.

போனதும் என்ன கேட்டார் தெரியுமா? பேரைத் திருத்தச் சொன்னார். வருகைப் பதிவேட்டுல பிள்ளை பேரைத் தப்பா எழுதினா வாத்தியார் விடுவாரா? அரசு ஏடுகளில் 'பஞ்சமர்', 'பறையர்' என்று எழுதாதீர்கள், 'ஆதிதிராவிடர்' என்று எழுதுங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1922-ல் அரசாணை வந்தது. இன்னைக்கு உங்க பிள்ளை சாதிச் சான்றிதழ்ல இருக்கிற சொல், கலெக்டர் ஆபீஸ்ல நலத்துறை போர்டுல இருக்கிற சொல், அப்படி அரசு ஏட்டுக்குள்ள வந்ததுதான்.

அவர் நீதிக்கட்சியில இருந்தவர். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம், அதுல கட்சித் தலைமை எடுத்த நிலை, இதெல்லாம் பொறுக்காம 1923-ல் வெளியே வந்துட்டார். ஆளுங்கட்சியை விட்டு வெளியே வர்றது சின்ன விசயம் இல்ல, நமக்குத் தெரியும்.

இப்ப ஒரு சங்கடமான இடம். அதையும் சொல்லித்தான் ஆகணும். 1932-ல் அண்ணல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதி கேட்டார். ராஜா, இந்து மகாசபையின் மூஞ்சேயோட ஒப்பந்தம் போட்டு, கூட்டுத் தொகுதியில் ஒதுக்கீட்டு இடம் போதும்னார். அந்த வருசம் செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்துல மாகாண சபைகளுக்கு 148 இடம் ஒதுக்கினாங்க. கூட்டுத் தொகுதி நிலைச்சுது. நம்ம தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதிகளும் அப்படித்தான். நிற்கிறவர் தாழ்த்தப்பட்டவர், ஓட்டுப் போடுறது எல்லாரும். இதுக்கு வேர் அந்த ஒப்பந்தத்துல இருக்கு. ராஜா அன்னைக்கு எடுத்த முடிவு சரியில்லைன்னுதான் எனக்குப் படுது. உங்கள்ல பல பேருக்கு வேற கருத்து இருக்கலாம்.

ஆனா மனுசன் பிடிவாதத்துக்காக நிற்கல. 1938-ல் ஆலய நுழைவு மசோதாவைச் சட்டசபையில் வைத்தார். ராஜாஜி அப்ப பிரதமர். மாகாண முதல்வரை அன்னைக்கு அப்படித்தான் சொல்வாங்க. மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மாட்டேன்னுட்டார். ஓட்டெடுப்புல தோற்றார். சாதி இந்துக்களை நம்பித்தானே கூட்டுத் தொகுதிக்கு ஒப்புக்கிட்டார், அதே சபையில கையைத் தூக்க ஆள் இல்ல! அதுக்கு அப்புறம்தான் மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனாங்க. போனவங்க மேல வழக்கு வராம இருக்க அரசு சட்டம் போட்டது. மாகாணம் முழுசுக்கும் தடையை நீக்கின சட்டம் 1947-லதான் வந்தது.

1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழுவைப் பார்க்க அம்பேத்கர் போனார். பக்கத்துல போனவர் யாரு? இதே எம்.சி. ராஜா. பத்து வருசம் எதிரெதிரா நின்ன ரெண்டு பேரும் ஒரே கதவைத் தட்டினாங்க. எனக்கு அவர் வாழ்க்கையிலேயே பிடிச்ச பக்கம் அதுதான். விடைத்தாளைத் திருப்பிப் பார்த்து, தன் தப்பைத் தானே திருத்திக்கிட்ட வாத்தியார்.

1943 ஆகஸ்டில் இறந்துட்டார். 1947 சட்டத்தை அவர் பார்க்கல.

கூட்டம் முடிஞ்சு நாளைக்குக் காலையில நிறையப் பேர் பேரருவிக்குக் குளிக்கப் போவீங்க. அருவிக்குப் பக்கத்துலயே குற்றாலநாதர் கோயில். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறவங்க, வாசல்ல ஒரு நிமிசம் நின்னு, இந்த வாத்தியார் கதையைச் சொல்லிட்டு உள்ளே போங்க.